கல்லில் இருந்த நாலெழுத்து

கண்டிச்சீமையில், எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு சுற்றுப்பாதை இருந்தது. நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் கிளம்பி, பழைய கோப்பிக்காட்டுப் படிக்கட்டில் ஏறி, மேட்டிலுள்ள கல்லுக்குழியைத் தொட்டு, அந்தப் பக்கம் வண்டிப்பாதையில் இறங்கி ஆற்றோரமாக வந்தால் மறுபடியும் லயத்து வாசலில் நிற்கலாம். நாலு மைல் இருக்கும். காற்று வாங்க நடக்கிறவர்களுக்கு நல்ல பாதைதான். துரையும் துரைசாணியும் நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பார்கள். நானும் என் மாமியாரும் அதில் ஒன்பது ஞாயிற்றுக்கிழமை நடந்தோம். முதல் தடவை போனபோது எனக்கு வயிற்றில் ஐந்து மாதம். ஒருநாள்கூட நான் சந்தோஷமாக நடக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நடந்ததற்குக் காரணம் பிரஜாவுரிமை. நாடு சுதந்திரம் அடைந்த கையோடு, தோட்டத்து ஆட்களுக்கு இது சொந்த நாடு இல்லை என்றாகிவிட்டது. இத்தனை வருஷமாக இங்கேயேதான் இருக்கிறோம் என்று காட்டி மனுப் போட்டால் உரிமை கிடைக்கும் என்றார்கள். என் மாமியார் அதற்கு முன்பே தாலி இழந்தவர். அதனால் மனு அவர் பெயரில் போனது. அப்போது என் வீட்டுக்காரருக்குப் பதினேழு வயது. அவரையும் அதே மனுவில் சேர்த்திருந்தார்கள். மனுவை ஏற்றுக்கொண்டால் மாமியார், அவர், நான், பிறக்கப்போகிற பிள்ளை எல்லாரும் இங்கே இருக்கலாம். தள்ளிவிட்டால் எல்லாருக்கும் சேர்த்துத்தான் தள்ளுபடி. என் வாழ்க்கை மாமியார் முந்தானையில் முடிச்சாகக் கிடந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மனுப் போட்டு ஏழெட்டு வருஷம் ஒரு பேச்சும் இல்லை. நான் கல்யாணமாகி அந்த லயத்துக்கு வந்த மறுவருஷம், விசாரணைக்கு ஆஜராகச் சொல்லிக் கடிதம் வந்தது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலேயே மேசை போட்டு விசாரித்தார்கள். விசாரணை ஐயா ஒரு சிங்களப் பெரியவர். பக்கத்தில், அவர் கேட்பதைத் தமிழில் சொல்ல ஒரு மொழிபெயர்ப்பாளர். இரண்டு பேருமே காலையிலிருந்து நூறு பேரைப் பார்த்துக் களைத்துப்போயிருந்தார்கள். நாங்களும் விடியற்காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, அரைநாள் கொழுந்து எடுத்துவிட்டு அப்படியே ஓடிவந்தவர்கள்தான்.

பிறந்த ஊர், வந்த வருஷம் எல்லாம் மாமியார் ஒழுங்காகச் சொன்னார். பிறகு, "ஒங்க புருஷன் பேர் என்ன?" என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

மாமியார் சேலைத் தலைப்பை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"பேரைச் சொல்லும்மா."

"கல்லு ஒடைக்கிறவருங்க. பெரிய கல்லுக்குழியில வேல செஞ்சவரு. தேயில ஸ்டோருக்கு அஸ்திவாரக் கல்லு குடுத்தவரு."

"அது வேலை. பேர் என்ன?"

மாமியார் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் வாயைத் திறந்ததும் விசாரணை ஐயா கையைக் காட்டி நிறுத்திவிட்டார். மனுக்காரிதான் சொல்ல வேண்டுமாம். மாமியார் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க என்று கத்தியிருப்பேன். என்னைக் கதவோரத்திலேயே நிறுத்தியிருந்ததால் அடக்கிக்கொண்டேன். ஐயா என்னவோ எழுதினார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் படித்தார்: "மனுக்காரிக்குக் கணவர் பெயர் தெரியாது."

அவ்வளவுதான். பதினாறு வருஷம் ஒருவரோடு குடித்தனம் செய்து, அவருக்குப் பிள்ளை பெற்று, அவரைக் கல்லுக்குழியில் பறிகொடுத்தவளுக்கு அவர் பெயர் தெரியாதாம். புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று எங்கள் பெண்கள் சொல்லமாட்டார்கள். அவர்தான் செத்துப்போய்விட்டாரே என்று கேட்டால் அதற்கும் மாமியாரிடம் பதில் இருந்தது.

"உசிரோட இருந்தப்ப சொல்லல. இப்பச் சொன்னா, செத்ததும் மருவாத போச்சுன்னுல்ல நெனப்பாரு?"

தோட்டத்துக் கணக்கப்பிள்ளை நல்ல மனுஷன். ஓடிப்போய் ஐயாவிடம் எங்கள் வழக்கத்தைச் சொல்லி, இரண்டு மாதத்தில் இன்னொரு தவணை வாங்கிக் கொடுத்தார். வெளியே வந்து என்னிடம்தான் சொன்னார். "இந்தாம்மா, அடுத்த தடவ பேரு வரணும். இல்லாட்டி மனு குளோஸ்."

அன்றைக்கு இரவு ரொட்டி தட்டும்போதே ஆரம்பித்தேன். கெஞ்சினேன், கத்தினேன், அடுப்பங்கரையில் நின்று அழுதும் பார்த்தேன். "ஒரே ஒரு தடவ அத்தே. மெதுவாச் சொன்னாப் போதும்."

"நீ ஒம் புருசன் பேரச் சொல்லு பாப்போம்," என்றார் மாமியார்.

"எனக்கென்ன, சொல்லுவேன்," என்று வாயைத் திறந்தேன். திண்ணென்று நின்றுவிட்டது நாக்கு. என் வீட்டுக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டு. மாமியாரும் சிரித்தார். எனக்குத் தோற்றுப்போன எரிச்சலில் ரொட்டி கருகிவிட்டது. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. வாயால்தானே சொல்லக்கூடாது, எழுதிக் காட்டலாமே? நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். நாலெழுத்துத்தான் அந்தப் பெயர். இரண்டு மாதத்தில் நாலெழுத்து சொல்லிக்கொடுக்க முடியாதா?

மாமியார் யோசித்துப் பார்த்துச் சரி என்றார். சிலேட்டை எடுத்தேன். எழுதப்போனவளின் கையைப் பிடித்துக்கொண்டார். "எழுதிட்டு அப்பறம் என்ன செய்வ?"

"அழிச்சிட்டுத் திரும்ப எழுதுவோம்."

"அவரு பேர நீ எச்சி தொட்டு அழிப்பியா?"

தரையில் எழுதலாம் என்றேன். மிதிபடும் என்றார். தாளில் எழுதலாம் என்றேன். தாள் அடுப்புக்குப் போகும், கடைக்காரன் மிளகாய் மடிப்பான் என்றார். கடைசியில் அவரே வழி சொன்னார். "பேரு கல்லுக்குழியில இருக்கு புள்ள. அங்க வச்சுச் சொல்லிக்குடு."

அது உண்மைதான். வெடி வைத்த ஒருநாள் பாறை சரிந்து மாமனார் அங்கேயே போய்விட்டார். அதோடு அந்தக் குழியை விட்டுவிட்டார்கள். கூட வேலை செய்தவர்கள், அவர் விழுந்த இடத்துக்கு மேலே, பாறையில் அவர் பெயரை உளியால் கொத்திவைத்திருந்தார்கள். மாமியார் வருஷத்துக்கு ஒருமுறை போய்ச் சூடம் கொளுத்திவிட்டு வருவார். எழுத்தைத் தொட்டுக் கும்பிடுவார், படிக்கத் தெரியாது.

இப்படித்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் போயின. ஆறு நாள் கூடை சுமந்த முதுகு, ஏழாம் நாள் கொஞ்சம் சாயலாமா என்று கெஞ்சும். துணி துவைக்க வேண்டும், விறகு பொறுக்க வேண்டும், தலைக்குக் குளிக்க வேண்டும். அதையெல்லாம் விட்டுவிட்டு, ஒரு தூக்குச்சட்டியில் பாலில்லாத சாயத்தண்ணியும் இரண்டு ரொட்டியும் எடுத்துக்கொண்டு கிளம்புவோம். வீட்டுக்காரர் கம்பளிக்குள்ளிருந்தே, "பாத்துப் போயிட்டு வாங்க," என்பார். உங்கப்பா பேருக்கு நான்தான் மலை ஏறணுமா என்று கேட்டால், "நீதானே படிச்சவ," என்று திரும்பிப் படுத்துக்கொள்வார். லயத்து இஸ்தோப்புத் திண்ணையில் பேன் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்களுக்கோ எங்களைக் கண்டால் கொண்டாட்டம்.

"மாமியாளும் மருமகளும் ஊர்கோலம் கெளம்பிட்டாங்கடி! ஏன்டி, அந்தக் கல்லையே பேத்து எடுத்துட்டு வந்துடுங்களேன்!"

"வந்து ஒரு கை பிடிங்க, தூக்கிட்டு வந்துடுறோம்," என்பேன். திரும்பிச் சிரிக்கத் தெம்பு இருந்தால் சிரிப்பேன்.

கோப்பிக்காட்டுப் படிக்கட்டு இருக்கிறதே, அது மனுஷர் ஏறுவதற்குக் கட்டியதில்லை. தேயிலை வருவதற்கு முன்னால் அங்கே கோப்பிதான், அதாவது காப்பிதான், இருந்ததாம். நோய் வந்து கோப்பி முழுவதும் செத்தபிறகு தேயிலை போட்டிருக்கிறார்கள். அந்தச் சரிவை மட்டும் ஏனோ விட்டுவிட்டார்கள். மண்ணைப் பிடித்துவைக்கக் கட்டிய கல்கட்டுகள், வரிசை வரிசையாக, பாசி ஏறி நிற்கும். நடுவில் கோப்பி காயப்போட்ட களம் ஒன்று, வெடித்த தரையில் புல் முளைத்துக் கிடக்கும். காடாகிப்போன நாலைந்து கோப்பிச் செடிகள் யாருக்கும் வேண்டாத பழத்தைப் பழுத்து உதிர்த்துக்கொண்டிருக்கும். மாமியார் அந்தக் களத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்குவார். நானும் உட்காருவேன். இரண்டு பேரும் வலிக்கிற இடத்தைத் தேய்த்துக்கொள்வோம். அவருக்கு முழங்கால், எனக்கு இடுப்பு.

"இதையெல்லாம் கட்டுனவங்க எங்க போயிருப்பாங்க அத்தே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எங்க போவாங்க, இங்கதான் மண்ணுக்குள்ள கெடப்பாங்க. அவங்ககிட்ட எவன் பேரு கேட்டான்?" என்றார்.

மேட்டுக்கு வந்தால் காற்று ஆளைத் தள்ளும். வெயில் இருந்தால் நோட்டன் பிரிட்ஜ் ஊர்ப் பக்கத்து அணைத் தண்ணீர் தூரத்தில் மினுங்குவது தெரியும். பெரும்பாலும் பனிமூட்டம்தான். கல்லுக்குழி, மலையைச் சுரண்டித் தின்ற மாதிரி மூன்று பக்கமும் செங்குத்தாக நிற்கும். அடியில் மழைத்தண்ணீர் தேங்கிப் பச்சையாக இருக்கும். வெடி வைக்கத் துளைத்த ஓட்டைகள் பாறையில் அப்படியே இருந்தன. பாதி உடைத்துவிட்டுப் போன கற்கள் சுற்றிலும் கிடந்தன. ஆள் உயரத்தில் அந்த நாலெழுத்து. கல் கொத்துகிறவர்கள் எழுதியது, வளைவே இல்லாமல் மூலை மூலையாக இருக்கும். பாறையில் ஒரு விரிசல், எழுத்துகளின் குறுக்கே கோணலாக ஓடியிருந்தது.

நான் சுள்ளியால் எழுத்தைக் காட்டுவேன். "இது மொத எழுத்து. மேலருந்து கீழ எறங்குங்க." அவர் ஆள்காட்டி விரலை அந்தப் பள்ளத்துக்குள் விட்டு மெதுவாக இழுப்பார். கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் கறுத்துக் காய்த்த விரல். நாலெழுத்தும் முடிந்ததும் அந்த விரிசலிலும் ஒருமுறை விரலை இழுத்து முடிப்பார். ஆசையாகத் தடவுகிறார் என்று நானும் பேசாமல் இருந்தேன். எழுத்தைச் சொல்லிக்கொடுக்கிற நானும் பெயரைச் சொல்லமாட்டேன். மாமனார் பெயராயிற்றே. இரண்டு பெண்கள் ஒரு பெயரை வைத்துக்கொண்டு, இரண்டு பேருமே அதைச் சொல்லாமல், இரண்டு மாதம் பாடம் நடத்தினோம். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது வந்ததெல்லாம் ஆத்திரம்தான்.

"இன்னொரு தடவ எழுதுங்க."

"போதும் புள்ள, கை வலிக்குது."

"எனக்கு மேலு முச்சூடும் வலிக்குது. எழுதுங்க."

இறங்கும்போது படிக்கட்டில் அவர் முழங்கால் நிற்காது. அதனால்தான் கல் ஏற்றிப்போன வண்டிப்பாதையில் சுற்றிக்கொண்டு வருவோம். அது நீளம். கல்வண்டிச் சக்கரம் பதிந்த தடம் இரண்டும் ஓடையாகிவிட்டிருக்கும். கீழே சிங்களக் கிராமத்து வயல். நாற்று நடும் பெண்கள் தலைநிமிர்ந்து பார்த்து, என் வயிற்றைக் காட்டி ஏதோ பரிவாகச் சொல்வார்கள். ஆற்றில் கால் நனைத்துவிட்டு லயத்துக்கு வரும்போது மணி நாலாகிவிடும். அடுப்பு பற்றவைத்துத் தேங்காய் துருவினால் ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. விடிந்தால் மறுபடியும் பெரட்டு.

ஆறாவது வாரம் நான் பாதி வழியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். இனி முடியாது, உரிமையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்றேன். மாமியார் என் பக்கத்தில் வந்து நின்றார். சமாதானம் சொல்லத் தெரியாதவர்.

"அழுவாத புள்ள," என்றார். "அந்தக் கல்ல விட்டுட்டு என்னால கடல் தாண்டிப் போக முடியாது. நீ சொல்லிக்குடு, நான் எழுதிப்புடுறேன்."

அதுவரைக்கும் நான் எனக்காகவும் பிள்ளைக்காகவும்தான் நடக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கும் அதில் ஒன்று இருந்தது என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. எழுந்து நடந்தேன்.

ஒன்பதாம் வாரம், பாறையைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு காற்றிலேயே விரலால் எழுதிக் காட்டினார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அத்தே, நீங்க பாஸ்!" என்று கத்தினேன். குழி முழுக்க அது கேட்டது.

இரண்டாம் தவணை. அதே பள்ளிக்கூடம், அதே ஐயா. மொழிபெயர்ப்பாளர் பெயரைக் கேட்டதும் மாமியார், "எழுதிக் குடுக்கிறேனுங்க," என்றார். கணக்கப்பிள்ளை முன்கூட்டியே சொல்லிவைத்திருந்ததால் ஐயா ஒரு தாளையும் பென்சிலையும் தள்ளினார். மாமியார் பென்சிலை உளி மாதிரி பிடித்துக்கொண்டு குனிந்தார். கதவோரத்தில் நின்று நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். முதல் எழுத்து, இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. தாள் முழுக்கப் பெரிது பெரிதாக, மூலை மூலையாக, கல்லில் இருந்தபடியே. பென்சிலை வைக்கப்போகிறார் என்று பார்த்தேன். வைக்கவில்லை. மேல் மூலையிலிருந்து கீழ் மூலை வரைக்கும், நாலெழுத்துக்கும் குறுக்கே, மிகவும் கவனமாக ஒரு கோடு இழுத்தார்.

அந்த விரிசல். அதுவும் எழுத்தில் ஒரு பகுதி என்றுதான் அவர் ஒன்பது வாரமும் நினைத்திருக்கிறார். எழுதத் தெரியாதவருக்கு எது எழுத்து, எது வெடிப்பு என்று யார் சொல்வது? நான்தானே சொல்லியிருக்க வேண்டும்? பாவி நான், ஆசையாகத் தடவுகிறார் என்று நினைத்தேன்.

ஐயா தாளைத் திருப்பிப் பார்த்தார். மொழிபெயர்ப்பாளர் கேட்டார்: "எழுதிட்டு ஏம்மா அடிச்சீங்க? இந்தப் பேரு பிழையா?"

"அடிக்கலிங்களே. அப்பிடித்தான் இருக்கு."

"எங்க இருக்கு?"

"கல்லுலங்க."

"எந்தக் கல்லு?"

நான் உள்ளே ஓடினேன். "ஐயா, அது பாறையில விரிசலுங்க!" என்று ஆரம்பித்ததும் வாசலில் நின்ற ஆள் என்னை வெளியே இழுத்துவிட்டார். ஐயா கையைத் தூக்கி, அலுப்போடு ஏதோ சொன்னார். அடித்த பெயரை எழுத முடியாதாம். வாயால் ஒருமுறை சொன்னால் எழுதிக்கொள்வாராம். வெளியே இன்னும் முப்பது பேர் நிற்கிறார்களாம்.

மாமியார் திரும்பி என்னைப் பார்த்தார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். வயிற்றையும் தொட்டுக் காட்டினேன். அதை நான் செய்தேன், மறைக்க மாட்டேன்.

அவர் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சொன்னார். யாருக்கும் கேட்கவில்லை.

"சத்தமாச் சொல்லும்மா," என்றார் மொழிபெயர்ப்பாளர்.

தலைப்பை எடுத்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு, சத்தமாகச் சொன்னார். ஐயா எழுதிக்கொண்டார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

லயத்துக்கு வந்து மாமியார் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார், சாவு வீட்டுக்குப் போய்வந்த மாதிரி. அன்றைக்குச் சாப்பிடவில்லை. அடுத்த ஞாயிறு, "அத்தே, சும்மா ஒரு சுத்துப் போயிட்டு வருவமா? சூடம் கொளுத்திட்டு வரலாம்," என்று கேட்டேன்.

"வேணாம் புள்ள," என்றார். "எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அவரு முன்னால போயி நிக்கிறது?"

அதற்குப் பிறகு அவர் கல்லுக்குழிக்குப் போகவே இல்லை. வருஷத்துச் சூடத்தையும் வீட்டிலேயே கொளுத்தினார்.

மகள் பிறந்து அவளுக்குப் பல் முளைத்தபிறகு பதில் வந்தது. இங்கிலீஷ் கடிதம், கணக்கப்பிள்ளை படித்துச் சொன்னார். மனு தள்ளுபடி. மாமனார் வேலை செய்த வருஷங்களுக்குப் போதிய ஆதாரம் இல்லையாம். பெயரைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. பெயர் அவர்களுக்கு ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை. நான் சுருண்டு படுத்துவிட்டேன். மாமியார்தான் எழுந்து பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்சினார்.

பிறகு சில வருஷம் எந்த நாட்டுக்கும் வேண்டாதவர்களாக அதே மலையில் கொழுந்து எடுத்தோம். இரண்டு நாடுகளும் எங்களைப் பங்கு பிரித்துக்கொள்ள ஒப்பந்தம் போட்டபிறகு, இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிக்கொடுக்கக் கண்டிக்குப் போனோம். பஸ்ஸில் மகள் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். காலையிலிருந்து வரிசையில் நின்று, மத்தியானத்துக்கு மேல் எங்கள் முறை வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பையன் நல்ல தமிழ் பேசினான். மரியாதையாகத்தான் கேட்டான்.

"அம்மா, உங்க கணவர் பேர்?"

நான் வாயைத் திறந்தேன், அவர் சார்பில் நானே சொல்லிவிடலாமென்று. மனசுக்குள் மாமனாரிடம் மன்னிப்புகூடக் கேட்டுவிட்டேன். அதற்குள் மாமியார் சொல்லிவிட்டார். தலைப்பைத் தொடவில்லை. தரையைப் பார்க்கவில்லை. பெரட்டில் தன் பெயர் கொடுக்கிற மாதிரி, நிமிர்ந்து நின்று சத்தமாகச் சொன்னார்.

என் மகள் அவர் கையைப் பிடித்து இழுத்து, "அப்பாயி, அது யாரு?" என்று கேட்டாள். பாவம், அவள் அந்தப் பெயரைக் கேட்டதே அன்றைக்குத்தான். 

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் அந்த வாயைத் திறக்க வைத்தவள் நான்தானே. அந்தப் பையன் எழுதுகிறவரைக்கும் மாமியார் அப்படியே நின்றார். பெயரை அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருந்தார். சத்தமாகச் சொல்லும்படி அங்கே யாரும் கேட்கவில்லை.